2 ஜிபி கணினிகளில் உபுண்டு திணறினால்: இலகுவான டெஸ்க்டொப் சூழலை நிறுவும் முறை

முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானை அண்டிய பாடசாலை ஒன்றில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்ட கேள்விக்கு இது பதில். வெளிநாட்டில் வாழும் பழைய மாணவர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்த 12 பாவித்த கணினிகள் அவருடைய கணினி அறையில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 2 ஜிபி ரேம், இரட்டைக் கருச் செயலி, 160 ஜிபி வன்தட்டு. எல்லாவற்றிலும் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளம். கணினி எழுந்து மாணவர் வேலையைத் தொடங்குவதற்குள் 40 நிமிடப் பாடவேளையின் பெரும் பங்கு கழிந்துவிடுகிறது. பயர்பொக்ஸைத் திறந்தால் திரை உறைந்து நிற்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு வேறு லினக்ஸ் நிறுவ வேண்டுமா, இலகுவான டெஸ்க்டொப் சூழல்களில் எதைத் தேர்வது, கைத்தொலைபேசி இணைப்பை மட்டும் வைத்துக்கொண்டு 12 கணினிகளுக்கும் இதை எப்படிச் செய்து முடிப்பது என்பவை அவருடைய கேள்விகள்.

எதையும் அழிக்க வேண்டியதில்லை. லினக்ஸில் டெஸ்க்டொப் சூழல் என்பது சாளரங்களையும் பட்டிகளையும் காட்டுவதற்காக இயங்குதளத்தின் மேல் அமர்ந்திருக்கும் ஓர் அடுக்கு மட்டுமே. கோப்புகளையும் பயனர் கணக்குகளையும் தொடாமல், இருப்பதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றை நிறுவி, உள்நுழையும்போது வேண்டியதைத் தெரிவு செய்துகொள்ளலாம். உங்கள் கணினிகளுக்கு நான் பரிந்துரைப்பது எக்ஸ்எஃப்சிஈ என்ற இலகுவான சூழலை. ஆயினும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: சூழலை மாற்றுவதால் குறைவது சூழலின் சுமை மட்டுமே. உலாவி, பின்னணியில் தாமாக ஓடும் புதுப்பிப்புகள், சுழலும் வன்தட்டு ஆகிய மூன்றையும் கவனிக்காமல் விட்டால், நிறுவிய பின்னரும் அதே கேள்வியோடுதான் இருப்பீர்கள்.

உபுண்டு 22.04 இல் இயல்பாக வருவது க்னோம் என்ற சூழல். அதன் திரை முழுவதும் கிராபிக்ஸ் சில்லின் துணையோடு வரையப்படுவதற்காக வடிவமைக்கப்பட்டது. சில்லால் அந்த வேலையைச் செய்ய இயலாத பழைய கணினிகளில், செயலியே ஒவ்வொரு சாளரத்தையும் நிழலையும் கணக்கிட்டு வரைய வேண்டியிருக்கிறது. எதையும் திறக்காத நிலையிலேயே ஒரு க்னோம் அமர்வு ஏறத்தாழ 1 ஜிபி நினைவகத்தைப் பிடித்துக்கொள்வதால், 2 ஜிபி கணினியில் உலாவிக்கும் லிப்ரே ஒபிஸுக்கும் மிஞ்சுவது மற்றப் பாதி மட்டுமே. அதுவும் போதாதபோது கணினி வன்தட்டை நினைவகமாகப் பாவிக்கத் தொடங்குகிறது. திரை உறைவதாக நீங்கள் காண்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தைத்தான். உபுண்டுவின் டெஸ்க்டொப் பதிப்புக்கு 4 ஜிபி வேண்டும் என்று அதன் வெளியீட்டாளர்களே பரிந்துரைக்கிறார்கள். ஆகவே இது உங்கள் பராமரிப்பின் குறையன்று.

எக்ஸ்எஃப்சிஈ 1996 இல் ஒலிவியே ஃபூர்தான் தொடங்கிய திட்டம். எதையும் திறக்காத நிலையில் அது பொதுவாக க்னோம் பிடிப்பதில் பாதியளவு நினைவகத்தோடு நின்றுவிடும். சாளர விளைவுகளை முற்றாக நிறுத்திவிட்டும் அதை ஓட்டலாம் என்பதால் பழைய கிராபிக்ஸ் சில்லுகளும் அதற்குப் பொருந்தும். எனினும் பாடசாலைக்கு அதை நான் சொல்வதற்கு இன்னொரு காரணமே வலுவானது: அது மெதுவாகவே மாறுகிறது. 4.16 வெளியானது 2020 டிசம்பரில், 4.18 வந்தது 2022 டிசம்பரில், 4.20 வந்தது 2024 டிசம்பரில். இவற்றுக்கிடையே பணிப்பட்டியின் இடமோ மெனுக்களின் ஒழுங்கோ பெரிதாக மாறவில்லை. இந்த ஆண்டு மாணவருக்கு நீங்கள் அச்சிட்டுக் கொடுக்கும் செயன்முறைத் தாள் அடுத்த தொகுதி மாணவருக்கும் செல்லுபடியாகும். வீட்டில் விண்டோஸ் 7 பார்த்த பிள்ளையும் இதில் தடுமாறாது.

எல்எக்ஸ்கியூட்டி இன்னும் சற்று இலகுவானது. எல்எக்ஸ்டிஈ திட்டத்தின் கியூட்டி (சாளரங்களை வரையும் ஒரு கருவித்தொகுதி) வடிவமும் ரேசர்-கியூட்டி என்ற திட்டமும் 2013 இல் இணைந்து உருவான அதைத்தான் லுபுண்டு என்ற உபுண்டு வகை 18.10 பதிப்பு முதல் பாவிக்கிறது. ஆனால் பயர்பொக்ஸ், கிம்ப் போன்றவை ஜிடிகே என்ற மற்றொரு கருவித்தொகுதியை நம்பி நிற்பவை. அவற்றைத் திறந்தவுடன் இரண்டு தொகுதிகளும் நினைவகத்தில் ஏறிவிடுவதால், வெறுந்திரையில் கண்ட மிச்சத்தில் ஒரு பங்கு பாடம் தொடங்கியதும் கரைந்துவிடும். பழைய க்னோம் 2 ஐத் தொடர்ந்து பேணும் மாட்டே நல்ல சூழல்தான், ஆனால் எக்ஸ்எஃப்சிஈயை விட இலகுவானது அன்று. ஓப்பன்பொக்ஸ், ஐஸ்டபிள்யூஎம் போன்ற வெறும் சாளர மேலாளர்களை 1 ஜிபிக்கும் குறைந்த நினைவகமுள்ள கணினிகளுக்கு ஒதுக்கி வைக்கிறேன். ஆறாம் தரப் பிள்ளைகள் வந்து அமரும் அறைக்கு அவை ஏற்றவை அல்ல.

இனி நிறுவும் வேலை. கட்டளைகளை இங்கே தமிழ் ஒலிப்பில் தருகிறேன்; கட்டளை அடிக்கும் சாளரமான முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் அடிக்க வேண்டும். முதலில் 'ஃப்ரீ -எச்' என்று கொடுத்து உண்மையில் எவ்வளவு நினைவகம் இருக்கிறது என்றும், 'டிஎஃப் -எச்' என்று கொடுத்து வன்தட்டில் எவ்வளவு இடம் மிஞ்சியிருக்கிறது என்றும் பாருங்கள். 5 ஜிபி வெற்றிடம் இருந்தால் தாராளம். ஒரு கணினியில் மட்டும் முதலில் செய்து, ஒரு வாரமாவது வகுப்பில் ஓடவிட்ட பிறகே மற்றவற்றைத் தொடுங்கள்.

'சூடோ ஆப்ட் அப்டேட்' கொடுத்துப் பட்டியலைப் புதுப்பித்த பின், 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் சுபுண்டு-கோர்' என்று கொடுக்க வேண்டும். எக்ஸ்எஃப்சிஈயோடு வரும் உபுண்டு வகையே சுபுண்டு; ஆங்கிலத்தில் அது எக்ஸ் எழுத்தில் தொடங்கும் என்பதைக் கவனியுங்கள். சுபுண்டு-டெஸ்க்டொப் என்ற பெரிய பொதி (நிறுவுவதற்கான மென்பொருள் கட்டு), உங்களிடம் ஏற்கெனவே உள்ள செயலிகளுக்கு இணையான வேறு செயலிகளையும் சேர்த்து இறக்கும். கோர் என்பது சூழலையும் அதற்கு இன்றியமையாதவற்றையும் மட்டும் கொண்டுவரும். எவ்வளவு டேட்டா செலவாகும், வன்தட்டில் எவ்வளவு இடம் போகும் என்பதைப் பொதிகளை நிறுவும் கருவியான ஆப்ட் தானே காட்டிவிட்டு உங்கள் சம்மதத்தைக் கேட்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகு ஆம் என்று சொல்லுங்கள்.

நடுவில் திரை ஒன்று தோன்றி, ஜிடிஎம்3 வேண்டுமா லைட்டிடிஎம் வேண்டுமா என்று கேட்கும். இவை உள்நுழைவுத் திரையை நடத்தும் மேலாளர்கள். லைட்டிடிஎம் என்பதைத் தெரிவு செய்யுங்கள். ஜிடிஎம்3 தன் உள்நுழைவுத் திரையைக் காட்டுவதற்கே க்னோமின் பகுதிகளை எழுப்புகிறது. அந்தக் கேள்வியைத் தவறவிட்டாலும் 'சூடோ டிபிகேஜி-ரீகன்ஃபிகர் லைட்டிடிஎம்' மூலம் மீண்டும் கேட்கச் செய்யலாம். கணினியை மறுபடி தொடக்கினால், உள்நுழைவுத் திரையில் அமர்வைத் தெரிவு செய்யும் சிறு பொத்தான் இருக்கும். அதில் சுபுண்டு அமர்வைத் தேர்ந்து உள்நுழையுங்கள். அடுத்த முறை முதல் அது நினைவில் இருக்கும். தொடக்கத் திரையின் சின்னமும் நிறமும் மாறியிருப்பதைக் கண்டு பதற வேண்டாம். அந்தப் பொதி அப்படித்தான் செய்யும்.

இப்போது 12 கணினிகள் என்ற கேள்வி. வன்னியில் பல பாடசாலைகளுக்கு இதுதான் உண்மையான தடை என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன். ஒரே பொதிகளை ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியே இறக்கினால் டேட்டாவும் 12 மடங்கு போகும். அதற்குப் பதிலாக 'ஆப்ட்-காச்சர்-என்ஜி' என்ற சிறு சேவையை ஒரு கணினியில் நிறுவுங்கள். யாரேனும் ஒரு பொதியைக் கேட்டால் அதை ஒருமுறை இணையத்திலிருந்து எடுத்துத் தன்னிடம் சேமித்து வைத்து, அடுத்துக் கேட்பவருக்குத் தன் வன்தட்டிலிருந்தே கொடுப்பது இதன் வேலை. நிறுவும்போது சுரங்க இணைப்புகளை அனுமதிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று விடலாம்.

கணினிகளை ஒரு சுவிட்சில் வலைக்கம்பியால் இணைத்து, சேவை ஓடும் கணினியின் கம்பி இணைப்புக்கு 192.168.1.10 என்ற நிலையான முகவரியும், மற்றவற்றுக்கு 192.168.1.11 முதலான முகவரிகளும் கொடுங்கள். கேட்வே என்ற பெட்டியை எல்லாவற்றிலும் வெறுமையாக விட வேண்டும். முக்கியமாகச் சேவை ஓடும் அந்த முதற்கணினியில் அதை நிரப்பிவிட்டால், இணையத்துக்கான பாதை தொலைபேசியை விட்டுக் கம்பிக்கு மாறிவிடும். கைத்தொலைபேசியை யுஎஸ்பி கம்பியால் அந்த முதற்கணினியில் மட்டும் செருகி, தொலைபேசியின் இணையத்தைக் கணினியோடு பகிரும் டெதரிங்கை இயக்குங்கள். மற்ற 11 கணினிகளுக்கும் இணையமே தேவையில்லை. முகவரிகளைத் தேடும் வேலையையும் முதற்கணினியே அவற்றின் சார்பில் செய்துவிடும்.

மற்றவற்றுக்கு இதைத் தெரியப்படுத்த, ஈடிசி அடைவினுள் ஆப்ட் அடைவில் இருக்கும் 'ஆப்ட்.கான்ஃப்.டி' என்ற அடைவுக்குள் '00ப்ராக்ஸி' என்ற பெயரில் ஒரு கோப்பை ஆக்கி, அதில் ஒரே ஒரு வரி எழுத வேண்டும்: அக்வயர், இரண்டு முக்காற்புள்ளி, எச்டிடிபி, மீண்டும் இரண்டு முக்காற்புள்ளி, ப்ராக்ஸி, ஓர் இடைவெளி விட்டு, இரட்டை மேற்கோளுக்குள் எச்டிடிபி முன்னொட்டுடன் 192.168.1.10 என்ற முகவரி, ஒரு முக்காற்புள்ளி, 3142 என்ற வாயில் எண். மேற்கோளை மூடிய பின் அரைப்புள்ளி. அக்வயரின் முதலெழுத்தும் ப்ராக்ஸியின் முதலெழுத்தும் பேரெழுத்துகள். இந்தக் கோப்பை முதற்கணினியிலும் வைக்க மறவாதீர்கள். அப்போதுதான் அது தனக்காக இறக்கும் பொதிகளும் சேமிப்பில் சேரும். சேவை ஓடும் கணினி அணைந்திருந்தால் மற்றவற்றில் ஆப்ட் பிழை காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். இரவில் கூடுதல் டேட்டா தரும் இணைப்பு உங்களிடம் இருந்தால், முதற்கணினியில் இரவே நிறுவி முடித்துவிட்டு, மறுநாள் மற்றவற்றை ஒரு கிலோபைட்டும் இணையத்திலிருந்து எடுக்காமல் முடிப்பது கிட்டத்தட்ட இயலும். எல்லாக் கணினிகளிலும் ஒரே பதிப்பும் ஒரே வகைப் பொதிகளும் இருக்கும்வரை இது பொருந்தும்.

நிறுவும் நாளை மின்சாரத்தைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். சித்திரை இடிமழையிலும் ஐப்பசி தொடங்கி மாரி முடியும்வரையும் பிற்பகல்களில் வேலையைத் தொடங்காமல், காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. முதற்கணினிக்காவது ஒரு யுபிஎஸ் இருக்கட்டும். நடுவில் மின்சாரம் நின்றுவிட்டால் பொதிகள் பாதி விரிந்த நிலையில் நிற்கும். அப்போது டெஸ்க்டொப் வராமல் கருந்திரை மட்டும் தோன்றினாலும், கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்து முனையம் வரும். அங்கே உள்நுழைந்து 'சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ' என்றும், அது முடிந்ததும் 'சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்' என்றும் கொடுங்கள். விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும். மீண்டும் முதலிலிருந்து உபுண்டு நிறுவ ஓடுபவர்களில் பெரும்பாலோருக்கு இந்த இரண்டு கட்டளைகளே போதுமாயிருந்திருக்கும்.

சூழல் வந்துவிட்டது, இனி அதை மெலிய வைக்க வேண்டும். அமைப்புகளில் சாளர மேலாளர் நுணுக்கங்கள் என்ற பகுதியில் கொம்போசிட்டர் தாவலுக்குப் போய் அதை நிறுத்துங்கள். நிழலும் ஒளிபுகும் விளிம்புகளும் போகும், இழுக்கும் சாளரம் கைக்கு உடனே வரும். அமர்வும் தொடக்கமும் என்ற பகுதியில் தாமாகத் தொடங்கும் செயலிகளின் பட்டியல் இருக்கிறது: புளூடூத், அச்சுப்பொறி அறிவிப்பு, புதுப்பிப்பு அறிவிப்பு என உங்களுக்குத் தேவையற்றவற்றின் சரியடையாளத்தை எடுத்துவிடுங்கள். வெளியேறும்போது அமர்வைச் சேமிக்கும் வசதியையும் நிறுத்த வேண்டும். முந்தைய வகுப்புப் பிள்ளை திறந்துவிட்டுப் போன 6 சாளரங்களும் அடுத்த வகுப்பின் தொடக்கத்தில் மீண்டும் எழுவதற்கு அதுவே காரணம்.

காலையில் முதல் பாடவேளையில் மட்டும் கணினிகள் கூடுதலாகத் திணறுகின்றனவா என்று கவனியுங்கள். அப்படியானால் குற்றவாளி டெஸ்க்டொப் அன்று. கணினி எழுந்தவுடன் புதுப்பிப்புச் சேவை பட்டியல்களை இறக்கி, பொதிகளை விரித்து, வன்தட்டை முழுவதுமாகத் தன் வசமாக்கிக்கொள்கிறது. 'சூடோ டிபிகேஜி-ரீகன்ஃபிகர் அனட்டென்டட்-அப்கிரேட்ஸ்' கொடுத்துத் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிட்டு, புதுப்பிப்பு அமைப்புகளில் தாமாகச் சரிபார்ப்பதையும் ஒருபோதும் வேண்டாம் என்று வையுங்கள். ஆனால் நிறுத்தியதோடு மறந்துவிடக் கூடாது: மாதம் ஒருமுறை, மேலே சொன்ன சேமிப்புச் சேவை வழியாக, நீங்களே எல்லாவற்றையும் புதுப்பித்தாக வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்கள் இல்லாத கணினியைப் பிள்ளைகளிடம் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

பயர்பொக்ஸ் உறைவதற்கு இரண்டு காரணங்கள் சேர்கின்றன. 22.04 இல் அது ஸ்னாப் என்ற பொதி வடிவில் வருகிறது. சுழலும் வன்தட்டில் ஒரு ஸ்னாப் செயலி முதன்முறை திறக்க நெடுநேரம் எடுக்கும். அத்துடன் ஸ்னாப்புகள் ஆப்ட்டின் சேமிப்புச் சேவை வழியாக வருவதில்லை. கணினிகளுக்கு இணையம் கிடைத்த நாளில் ஒவ்வொன்றும் தனித்தனியே உங்கள் டேட்டாவை எடுக்கும். 'சூடோ ஸ்னாப் ரீஃப்ரெஷ் --ஹோல்ட்' என்பது அதைத் தடுத்து நிறுத்தும். புதுப்பிக்க விரும்பும்போது முதற்கணினியில் 'ஸ்னாப் டவுன்லோட் பயர்பொக்ஸ்' கொடுத்தால் இரண்டு கோப்புகள் கிடைக்கும். அவற்றைப் பென்டிரைவில் எடுத்துச் சென்று, அசெர்ட் என்று முடியும் கோப்பை 'சூடோ ஸ்னாப் ஏக்' மூலமும் மற்றதை 'சூடோ ஸ்னாப் இன்ஸ்டால்' மூலமும் ஏற்றலாம். பயர்பொக்ஸை ஆக்கும் மொசில்லா நிறுவனமே ஆப்ட்டுக்காகத் தரும் டெப் களஞ்சியத்துக்கு மாறிவிட்டால் திறக்கும் வேகம் தெளிவாகக் கூடும். அதற்கு உபுண்டுவின் பொதியை விட மொசில்லாவின் பொதிக்கு முன்னுரிமை தரும் அமைப்புக் கோப்பு ஒன்றையும் எழுத வேண்டும், இல்லையேல் அடுத்த புதுப்பிப்பில் ஸ்னாப் திரும்பி வந்துவிடும்.

இரண்டாவது காரணம் நினைவகம். 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஸீரேம்-கன்ஃபிக்' என்று கொடுத்து மறுபடி தொடக்குங்கள். ஸீரேம் என்பது ஸெட் எழுத்தில் தொடங்கும். வன்தட்டுக்குத் தள்ளப்பட வேண்டிய நினைவகப் பகுதிகளை அது சுருக்கி, ரேமுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். செயலிக்குச் சிறிது வேலை கூடினாலும், வன்தட்டுக்குப் போய்வருவதோடு ஒப்பிட அது மிகச் சிறியது. 'ஸ்வாப்ஒன் --ஷோ' கொடுத்தால் வன்தட்டிலுள்ள மாற்றுக்கோப்புக்கு மேலாக ஸீரேமும் பட்டியலில் நிற்பதைக் காணலாம். அதற்குப் பிறகும் 2 ஜிபி கணினியில் 4 அல்லது 5 தாவல்களுக்கு மேல் திறக்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

சூழல் மாறியதும் தமிழ் உள்ளீடு நின்றுவிட்டதாகப் பலர் முறையிடுவார்கள். க்னோம் உள்ளீட்டு முறையைத் தானே நிர்வகித்து வந்தது. எக்ஸ்எஃப்சிஈயில், உள்ளீட்டு முறைகளை நடத்தும் ஐபஸ் சேவையை நீங்கள் தொடக்கிவைக்க வேண்டும். ஐபஸ்-எம்17என் பொதியை நிறுவி, 'ஐஎம்-கன்ஃபிக் -என் ஐபஸ்' கொடுத்து, வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். ஐபஸ் விருப்பங்களில் தமிழின் கீழ் தமிழ்99, ஒலிப்பு முறை ஆகியவற்றோடு, நம் அரச அலுவலகங்களில் பழக்கமான ரெங்கநாதன் விசையமைப்பும் இருக்கிறது. எந்த விசையமைப்பைப் பிள்ளைகள் கற்கிறார்களோ அதை மட்டும் விட்டுவைத்து, எல்லாக் கணினிகளிலும் ஒரே குறுக்குவிசையை வையுங்கள்.

பணம் ஏதும் திரட்ட முடிந்தால், அதைப் புதிய கணினி ஒன்றில் போடாமல் 12 சிறிய எஸ்எஸ்டிகளில் (சுழலும் பாகமில்லாத சேமிப்பகங்களில்) போடுங்கள். சாட்டா இணைப்புள்ள எந்தப் பழைய கணினியிலும் 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று செய்யும் மாற்றத்தை எந்த டெஸ்க்டொப் சூழலாலும் செய்ய முடியாது. அடுத்ததாக ரேம்: 'சூடோ டிஎம்ஐடிகோட் -டி மெமரி' கொடுத்து டிடிஆர்2 வகையா டிடிஆர்3 வகையா என்று பார்த்த பிறகே வாங்குங்கள், ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. பொருட்பதிவேட்டில் உள்ள பாடசாலைச் சொத்து என்பதால், பெட்டியைத் திறப்பதற்கு முன் அதிபரின் அனுமதியை எழுத்தில் பெற்றுக்கொள்வது உங்களுக்குப் பாதுகாப்பு. கணினிகள் ஒரே வகையினவாக இருந்தால், எஸ்எஸ்டி மாற்றும் வேளையில் ஒன்றை முழுமையாக ஆயத்தம் செய்து, வட்டுகளைப் படியெடுக்கும் குளோன்ஸில்லா மூலம் மற்றவற்றுக்குப் படியெடுத்து, ஒவ்வொன்றின் பெயரையும் முகவரியையும் மட்டும் மாற்றிவிடலாம்.

நீங்கள் கேட்காவிட்டாலும், அயற்பாடசாலைகளில் இன்னும் பழைய கணினிகள் இருக்கக்கூடும் என்பதால் ஒன்று: 32 பிட் செயலியில் உபுண்டு 22.04 ஏறாது. அத்தகையவற்றுக்கு, டெபியன் என்ற மற்றொரு லினக்ஸில் 32 பிட் நிறுவியோடு வந்த கடைசிப் பதிப்பான டெபியன் 12 இருக்கிறது. 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13 அந்த நிறுவியைக் கைவிட்டுவிட்டது. நிறுவும்போதே சூழல் எது என்று டெபியன் கேட்கும், எல்எக்ஸ்கியூட்டியைத் தெரிவு செய்யலாம். டெபியன் 12 க்கான நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை உண்டு.

கடைசியாக, க்னோமை நீக்குவது பற்றி. நீக்கினால் வன்தட்டில் இடம் மிஞ்சும், வேகம் கூடாது. ஓடாத சூழல் நினைவகத்தைப் பிடிப்பதில்லை. ஆகவே ஒரு தவணை முழுவதும் இரண்டையும் வைத்திருங்கள். பின்னர் நீக்குவதாயின், முதலில் 'சூடோ ஆப்ட்-மார்க் மெனுவல் நெட்வொர்க்-மேனேஜர் நெட்வொர்க்-மேனேஜர்-க்னோம்' என்று கொடுத்து வலையமைப்புப் பொதிகளைப் பூட்டிவையுங்கள். பெயரில் க்னோம் இருந்தாலும் எக்ஸ்எஃப்சிஈயின் இணைப்புச் சின்னமும் அதிலிருந்தே வருகிறது. அதன் பிறகு உபுண்டு-டெஸ்க்டொப், க்னோம்-ஷெல், ஜிடிஎம்3 ஆகியவற்றை 'சூடோ ஆப்ட் ரிமூவ்' மூலம் நீக்கி, 'சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்' காட்டும் பட்டியலை ஒவ்வொரு வரியாக வாசியுங்கள். அதில் சுபுண்டு, எக்ஸ்எஃப்சிஈ, லைட்டிடிஎம், லிப்ரே ஒபிஸ், ஐபஸ் என்ற பெயர்களில் ஒன்றேனும் தென்பட்டால் இல்லை என்று சொல்லி நிறுத்தி, அந்தப் பொதியையும் அதே முறையில் பூட்டிய பின்னரே தொடருங்கள்.